நாணயத்திலும் பிழையுண்டோ?

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். "அவர் நாணயஸ்தர்" என்று ஒருவரைக் குறிப்பிட்டால், அவரிடம் காசு மிகுதி என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அரசின் முத்திரை பெற்ற காசு பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை அத்துணை ஆழமாக நம் மொழியில் வேரூன்றியிருக்கிறது. அத்தகைய நாணயத்திலும் பிழை நேருமோ? நேருமெனில் எவ்வாறு நேர்கிறது? பிழைபட்ட நாணயத்திற்கு விலை ஏறும் என்கிறார்களே, அதில் உண்மை எவ்வளவு?

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால், "இந்த ஐந்து ரூபாய் நாணயம் உங்களிடம் உள்ளதா? லட்சக்கணக்கில் பணம் காத்திருக்கிறது" என்னும் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. ஊர்விட்டு ஊர் வந்து, மொழி வேறான நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகளில், பாட்டி கொடுத்த தகரப் பெட்டியிலோ பூஜை அறைச் சொம்பிலோ பழங்காசுகள் சில கட்டாயம் இருக்கும். அவற்றுள் ஒன்றில் புதிதாக ஒரு கோடு தெரிந்தால் ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையை நம்பிப் பிழைப்போரும் இருக்கின்றனர்.

ரயில்வே சீட்டு அலுவலகத்தில் நாள்தோறும் சில்லறையை எண்ணிக் கட்டுவது எங்கள் தொழில். ஆகவே நாணயம் எங்களுக்குப் பழகிய பொருள். பழகப் பழகத் தெளிந்த உண்மை ஒன்றுண்டு: நாணயம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்தவரைப் பிழை நாணயம் காட்டி ஏமாற்றுவது எளிதன்று. அவ்வறிவுக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடியும் சற்றே பொறுமையும் போதும்.

நாணயம் பிறக்கும் விதம்

நாணயச்சாலையில் முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கின்றனர். அவற்றைச் சூளையிலிட்டு மென்மையாக்கி, விளிம்பைச் சற்றே உயர்த்துகின்றனர். பின்னர் வில்லை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. சுற்றிலும் ஒரு வளையம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பொறி பல டன் விசையுடன் அழுத்துகிறது. உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்து எழுத்தாகவும் உருவமாகவும் எழுகிறது. இவை யாவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

நம் இல்லங்களில் மரத்தில் செதுக்கிய பலகார அச்சு ஒன்றை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அச்சில் பள்ளமாக இருப்பது பலகாரத்தில் மேடாக வரும். அச்சில் விரிசல் விழுந்தால் மாவு அவ்விரிசலுக்குள்ளும் புகுந்து, பலகாரத்தின் மேல் மெல்லிய வரப்புபோல் எழும். செய்து முடித்த பலகாரத்தில் நகம் பட்டாலோ பள்ளம் விழும். நாணயத்தின் கதையும் இதுவே. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பாதிப் பாடம் முடிந்தது.

சேகரிப்பாளர்க்கென்று தனியே செய்யப்படும் நாணயங்களை 'புரூஃப்' நாணயங்கள் என்பர். தொடக்கத்தில் அச்சு செம்மையாக அமைந்ததா என்று பார்ப்பதற்காக அடித்த சோதனைப் படிகளே இப்பெயர் பெற்றன. பிற்காலத்தில் அழகுக்காகவே அவற்றைச் செய்யலாயினர். புரூஃப் நாணயத்திற்குரிய அச்சைக் கண்ணாடிபோல் மெருகிடுவர், வில்லையையும் மெருகிடுவர், ஒரு முறைக்கு மேற்பட அழுத்தி அடிப்பர், கையுறை அணிந்தே எடுப்பர். இன்றைய புரூஃப் நாணயங்கள் பலவற்றில் வெற்றிடம் கண்ணாடியாக ஒளிரும். உருவம் பனி படர்ந்தாற்போல் வெண்மையாகத் தோன்றும். புரூஃப் என்பது செய்முறையின் பெயர். பளபளப்பாக இருப்பதனாலேயே ஒரு நாணயம் புரூஃப் ஆகிவிடாது. கைபட்டு மங்கியதனாலேயே ஒரு புரூஃப் சாதாரண நாணயம் ஆகிவிடாது.

இவ்வளவு கவனத்துடன் செய்யும் புரூஃப் நாணயத்தில் பிழை நேர்வது அரிது. நேர்ந்த பிழை நாணயச்சாலைக்காரரின் கண்ணுக்குத் தப்பி வெளியே வருவது அதனினும் அரிது. புரூஃப் பிழைகளைச் சேகரிப்போர் மிகுதியாக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

மூவகைப் பிழை

எங்கள் அலுவலகத்து ரப்பர் முத்திரையைக் கொண்டு பிழைகளின் வகைகளை விளக்கலாம். முத்திரையில் ஓர் எழுத்து உடைந்துவிட்டால், அதன்பின் முத்திரையிடும் ஒவ்வொரு தாளிலும் அந்த எழுத்து உடைந்தே விழும். இது அச்சின் பிழை. தாளே கிழிந்திருந்தால் அது தாளின் பிழை. நாணயத்தில் இதனை வில்லையின் பிழை எனலாம். முத்திரையிடும்போது கை நகர்ந்துவிட்டால் பெயர் இரண்டாகத் தெரியும். இது அடிப்பின் பிழை. தாளைக் கோப்பில் சேர்த்த பின்னர் யாரோ தேநீரைக் கொட்டினால் அது எவ்வகைப் பிழையும் அன்று, வெறும் சேதம்.

அச்சின் பிழை, அந்த அச்சிலிருந்து பிறந்த நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். வில்லையின் பிழையும் அடிப்பின் பிழையும் பெரும்பாலும் ஒற்றை நாணயத்தோடு முடிந்துவிடும். சேதத்திற்கோ கணக்கே இல்லை. சந்தையில் பிழை நாணயம் என்று சொல்லி நீட்டப்படுபவற்றுள் பல இந்த நான்காம் இனத்தைச் சேர்ந்தவை.

அச்சு விரிசலும் அச்சு முறிவும்

எஃகாயினும் அச்சுக்கு ஆயுள் உண்டு. ஆயிரக்கணக்கான முறை விசை தாங்கித் தாங்கி அது களைத்துப்போகிறது. முதலில் மயிரிழை போன்றதொரு விரிசல் தோன்றும். பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ, எழுத்தின் முனையிலிருந்தோ அது புறப்படும். உலோகம் அதற்குள் பாய்வதால் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடு தெரியும். அடுத்தடுத்து அடிக்கும்போது அக்கோடு நீளும், தடிக்கும். ஒரு விளிம்பில் தொடங்கிய விரிசல் மற்றொரு விளிம்பை எட்டிவிட்டால், அச்சின் அத்துண்டு பெயர்ந்து விழக்கூடும். அதன்பின் அவ்விடத்தில் எழுத்தோ உருவமோ வராது. உலோகம் உருவமற்ற கட்டியாகப் புடைத்து நிற்கும். இதனையே அச்சு முறிவு என்கின்றனர்.

மெய்யான அச்சு முறிவுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. ஒரு பக்கத்தில் உலோகம் பெரும் பள்ளத்தை நிரப்ப ஓடிவிடுவதால், அதற்கு நேர் எதிரே மறுபக்கத்தில் எழுத்துகள் மங்கிவிடும். முன்பக்கத்தில் கட்டி இருந்து, பின்பக்கத்தில் அதே இடம் சற்றும் மங்காமல் இருந்தால், அந்தக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

அச்சின் நடுவே சிறு துணுக்கு மட்டும் பெயர்ந்து விழுவதும் உண்டு. அப்போது நாணயத்தில் ஒரு புள்ளி எழும். எழுத்தின் குழி அடைபட்டுத் தோன்றும். புரூஃப் நாணயங்களில் காணக்கூடியவை பெரும்பாலும் இத்தகைய சிறு துணுக்குகளும் மயிரிழை விரிசல்களுமே. பெரிய முறிவு ஏற்படும் வரை புரூஃப் அச்சைப் பயன்படுத்துவதில்லை. கண்ணாடி போன்ற பரப்பில் சிறு மேடும் நிழல் தருவதால், சாதாரண நாணயத்தில் மறைந்துவிடும் விரிசல் இங்கே தெளிவாகத் தெரியும்.

ஒரே அச்சிலிருந்து வந்த நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விரிசல் வளர்ந்த வரிசையில் அவற்றை அடுக்கலாம். எது முந்திப் பிறந்தது, எது பிந்திப் பிறந்தது என்று சொல்லலாம். மரத்தின் வளையங்களைப் பார்த்து அகவை சொல்வதுபோல் அச்சின் வாழ்வை நாணயத்தில் படிக்கலாம். பணத்தைப் பற்றி நினையாமல் இக்கலையில் ஈடுபடுவோர்க்கு இன்பம் தருவது இதுவே.

அச்சுகள் மோதிக்கொள்வதும் உண்டு. வில்லை நடுவே வராத வேளையில் பொறி இயங்கினால், மேல் அச்சும் கீழ் அச்சும் ஒன்றையொன்று முட்டும். ஒன்றின் உருவம் மற்றொன்றில் நிழலாகப் பதியும். அத்தழும்பை நீக்க அச்சைத் தேய்க்கும்போது வேறொரு பிழை நேரலாம். அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயத்தின் அச்சு ஒன்றை மிகுதியாகத் தேய்த்துவிட்டனர். அதிலிருந்த எருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்தது. குளம்பு மட்டும் எஞ்சியது. 'மூன்று கால் எருமை' என்று அந்நாணயம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

1955ஆம் ஆண்டின் இரட்டை எழுத்து

அச்சு உடையாமலும் பிழை நேரும். ஓர் அச்சைச் செய்ய மூல உருவை எஃகின்மேல் ஒரு முறைக்கு மேற்பட அழுத்துவது முற்கால வழக்கம். இரண்டாம் முறை அழுத்தும்போது மிகச் சிறிது திரும்பிவிட்டால், அச்சிலேயே எழுத்துகள் இரட்டையாகிவிடும். 1955ஆம் ஆண்டில் பிலடெல்பியா நாணயச்சாலையில் லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் நாணயத்திற்கு இவ்வாறு நேர்ந்தது. ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டு இரண்டாகத் தெரிந்தன. பிழையைக் கண்டறிவதற்குள் 20,000 முதல் 24,000 வரையான நாணயங்கள் நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டன. குவியல் முழுவதையும் உருக்குவதா, போகட்டும் என்று விடுவதா என்ற கேள்வி எழுந்தது. அதிகாரிகள் விட்டுவிட்டனர். அன்று ஒரு சென்ட்டாக வெளிவந்த அந்நாணயம் இன்று சேகரிப்போரிடையே மிகுந்த விலை பெறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறி அதிர்ந்து, அடித்த அச்சு சற்றே நழுவினாலும் எழுத்து இரட்டைபோல் தோன்றும். ஆனால் அந்த இரண்டாம் எழுத்து படிக்கட்டைப்போல் தட்டையாகவும் தாழ்ந்தும் இருக்கும். மெய்யான இரட்டை அச்சிலோ இரண்டு எழுத்தும் உருண்டு நிமிர்ந்து நிற்கும். முன்னது மிகச் சாதாரணம். அதற்குத் தனி விலை இல்லை. பின்னதே அரிது.

காணாமற்போன ஓர் எழுத்து

புரூஃப் நாணயப் பிழைகளுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், இருப்பதைக் காட்டிலும் இல்லாததைத்தான் சுட்டவேண்டும். 1968ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் புரூஃப் நாணயங்கள் சான்பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டன. அவற்றுக்கு அடையாளம் 'எஸ்' என்னும் எழுத்து. ஆனால் அச்சுகளைச் செய்தது பிலடெல்பியா. அங்கே ஒவ்வோர் அச்சிலும் அந்த எழுத்தை ஒரு தொழிலாளி கையால் குத்த வேண்டும். அதன்பின் அச்சைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்ப வேண்டும். எப்போதாவது ஓர் அச்சில் குத்த மறந்துவிட்டால்?

மறக்கத்தான் செய்தனர். 1968ஆம் ஆண்டிலேயே எழுத்தில்லாத பத்து சென்ட் புரூஃப் வெளிவந்தது. 1970ஆம் ஆண்டில் மீண்டும் அதே நாணயத்தில் அதே பிழை. 1971ஆம் ஆண்டில் ஐந்து சென்ட். 1983ஆம் ஆண்டில் மறுபடியும் பத்து சென்ட். 1985ஆம் ஆண்டு முதல் புரூஃப் நாணயங்களுக்குரிய எழுத்தை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டனர். அதன் பின்னரும் 1990ஆம் ஆண்டில் எழுத்தில்லாத ஒரு சென்ட் புரூஃப் வெளிவந்துவிட்டது!

இவ்வரிசையில் 1975ஆம் ஆண்டின் பத்து சென்ட் நாணயம் தனிச் சிறப்புடையது. அவ்வாண்டில் ஏறத்தாழ 28 லட்சம் புரூஃப் தொகுப்புகள் விற்கப்பட்டன. அவற்றுள் 'எஸ்' எழுத்தில்லாத பத்து சென்ட் இதுவரை இரண்டே அறியப்பட்டுள்ளன. ஒன்று 2019ஆம் ஆண்டு ஏலத்தில் 4,56,000 டாலருக்கு விலைபோயிற்று. மற்றொன்றை ஒரு குடும்பத்தார் 1978ஆம் ஆண்டில் 18,200 டாலர் கொடுத்து வாங்கி, வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தனர். அது 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 5,06,250 டாலருக்கு ஏலம் போயிற்று.

இச்செய்தியைப் படித்தவுடன் நம் சில்லறைப் பையைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாணயம் தெருவில் கண்டெடுத்ததன்று. பிழை இன்னதென்று தெரிந்து, பெரும் பொருள் கொடுத்து வாங்கி, பதிவோடு காத்தது. எழுத்து ஏன் இல்லை என்பதற்கு நாணயச்சாலையின் நடைமுறையிலேயே விடை இருக்கிறது. எழுத்தை யாரும் சுரண்டி எடுக்கவில்லை என்பதை வல்லுநர் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். இவை யாவும் சேர்ந்தே அவ்விலையைத் தந்தன.

நம் நாட்டு நாணயங்களில் பிழை எது?

இந்திய நாணயங்களில் பிழை என்று பலர் எண்ணுவது பெரும்பாலும் பிழையன்று. நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே சிறு குறிகள் உண்டு. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. மும்பையில் அடித்த புரூஃப் நாணயங்களில் முன்னர் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், பம்பாய் மும்பையான பின் 'எம்' என்ற எழுத்தும் இடம்பெற்றன. 1985ஆம் ஆண்டில் நம் நாணயங்கள் சில அயல்நாட்டு நாணயச்சாலைகளிலும் அடிக்கப்பட்டதால் வேறு குறிகளையும் காணலாம். குறி இருப்பதும் குறி இல்லாததும் பிறந்த இடத்தைச் சொல்வனவே. "குறியில்லாத நாணயம்; லட்சம் பெறும்" என்று ஒருவர் கூறினால், அது கொல்கத்தாக் காசு என்று புன்னகையோடு சொல்லிவிடலாம்.

வடிவம் மாறுவதும் பிழையன்று. பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்தமையால், சில ஊர்களில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தனர். எங்கள் சீட்டுச் சாளரத்திலும் இதுபற்றி வாக்குவாதம் நிகழ்ந்ததுண்டு. ரிசர்வ் வங்கி 2018ஆம் ஆண்டு ஜனவரியில், அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டிருப்பதாகவும் அவை யாவும் செல்லும் என்றும் அறிவித்தது.

வரைந்தவர் கையிலேயே நேரும் குறை வேறு வகை. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் வெளிவந்தது. மன்னர் அணிந்த அங்கியில் ஒரு சிறு யானை உருவம். துதிக்கை குறுகிப்போனமையால் அது பன்றிபோல் தோன்றுகிறது என்று மக்களிடையே பேச்சு எழுந்தது. சமய உணர்ச்சி புண்படும் என்றஞ்சிய அரசு அந்நாணயத்தைத் திரும்பப் பெறலாயிற்று. 1912ஆம் ஆண்டு நாணயத்தில் யானையைத் திருத்தி வரைந்தது. 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்போர் இன்றும் அதனைத் தேடுகின்றனர். இது உருவமைப்பின் குறை; நாணயச்சாலையின் பிழையென்று கொள்வதற்கில்லை.

பழங்காசுகளைப் பற்றியும் ஒரு சொல். சோழர் காசு போன்றவை சம்மட்டியால் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டவை. அவற்றில் உருவம் ஒதுங்கியிருப்பதும் விளிம்பு கோணியிருப்பதும் இயல்பு. பொறியில் அடித்த நாணயத்தின் அளவுகோலைக் கொண்டு அவற்றை அளத்தல் ஆகாது.

மெய்யான பிழைகள் நம் நாணயங்களில் இல்லாமலில்லை. அச்சு விரிசல், துணுக்கு, உருவம் ஒதுங்கிய அடிப்பு ஆகியவை கிடைக்கின்றன. அச்சு திரும்பியிருப்பதை எவரும் எளிதில் சோதிக்கலாம். நாணயத்தின் முன்பக்கம் நேராக இருக்க, மேலும் கீழும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாட்டு நாணயத்தில் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்திருந்தால் அது பொதுவாகக் காணக்கூடியதே. பெரிதும் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் எடுத்து வைக்கத் தகுந்தது.

நான்கு சோதனைகள்

முதலாவது, கோடு மேடா, பள்ளமா? பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியில், விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அச்சு விரிசல் மேடாகவே இருக்கும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னால் விழுந்த கீறல். புரூஃப் நாணயத்தில் மெல்லிய இணைகோடுகள் மேடாகத் தெரிந்தால் அவை அச்சை மெருகிட்ட தடம். பள்ளமாகத் தெரிந்தால் யாரோ துணியால் துடைத்த தடம்.

இரண்டாவது, எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது? மெய்யான அடிப்பில் ஒரு பக்கத்துக் குறை மறுபக்கத்திலும் சுவடு விட்டிருக்கும். சுத்தியலாலும் அரத்தாலும் செய்த போலியில் அச்சுவடு இராது.

மூன்றாவது, எடையும் விளிம்பும் ஒத்துள்ளனவா? பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 7.7 கிராம். இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒட்டி, இருபுறமும் ஒரே முகமுடைய நாணயம் என்று விற்பதுண்டு. விளிம்பின் உட்புறத்தில் ஒட்டிய வரி தென்படும். இரு உலோக நாணயத்தின் நடுவட்டைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்திவிட்டு, பிழை என்று கூறவும் கூடும். சேரும் இடத்தில் நசுங்கிய தடம் அதைக் காட்டிக் கொடுக்கும்.

நான்காவது, நாணயச்சாலையில் இது எவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும்? இதற்கு நேரான விடை சொல்ல இயலாத 'பிழை' எதுவாயினும், அது நாணயச்சாலைக்கு வெளியே பிறந்தது என்றே கொள்ளலாம்.

விலையும் வலையும்

மெய்யான பிழை என்று தெளிந்த பின்னரும் விலை தானாக வந்துவிடாது. பிழை எவ்வளவு அரியது, எவ்வளவு தெளிவானது, நாணயம் எந்நிலையில் இருக்கிறது, அதனை விரும்பி வாங்குவோர் எத்தனை பேர் என்பவற்றைப் பொறுத்தது விலை. நம் சில்லறையில் கிடைக்கும் சிறு விரிசலும் துணுக்கும் பெரும்பாலும் முகமதிப்பைச் சற்றே தாண்டும், அவ்வளவே. ஏலத்தில் விற்ற விலை வேறு. விற்பவர் கேட்கும் விலை வேறு. ஒரு விளம்பரத்தில் லட்சம் என்று எழுதியிருப்பதனால், யாரோ லட்சம் கொடுத்து வாங்கினார் என்று ஆகாது.

எங்கள் குடியிருப்புக்கு அருகே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்ததை இங்கே கூறுவது தகும். வீட்டிலிருந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றில் குறுக்கே ஒரு கோடு. விளம்பரம் ஒன்றைக் கண்டு அதன் படத்தை அனுப்பினார்கள். சிறிது நேரத்திற்குள் தொலைபேசியில் அழைப்பு வந்தது. பேசியவர் மரியாதையாகப் பேசினார். நாணயத்தின் விலை மூன்று லட்சம் என்றார். பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் கேட்டார், அனுப்பினார்கள். பின்னர் வரிக்கு 9,000 ரூபாய், அதையும் அனுப்பினார்கள். அதன்பின் அந்த எண் பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகப் பயணச் செலவுக்கென்று சேர்த்த பணம் அது. அவ்வாண்டு அக்குடும்பம் பொங்கலை இங்கேயே வைத்தது. பின்னர் அந்நாணயத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கோடு பள்ளமாக இருந்தது. வெறும் கீறல்.

அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எதிர்பாராத நல்லது ஒன்று வாசலில் வந்து நிற்கிறது என்று நம்பியது குற்றமா? நம்பிக்கையைக் களவாடியவனே குற்றவாளி.

ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் தொழிலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் பெயரால் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவாகக் கூறியது. ஆகவே விதி ஒன்றே: பொருளை விற்பவன் பணம் பெறுவான், பணம் கட்டமாட்டான். நம் நாணயத்தை வாங்குவதாகக் கூறுபவர் நம்மிடமே முன்பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கைக்கு எட்டாமற் போய்விடும்.

காப்பது எப்படி?

விளக்கையும் பித்தளைப் பாத்திரத்தையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது நம் பெண்மணிகளின் கைவண்ணம். பழைய நாணயத்திற்கு மட்டும் அவ்வுபசாரம் வேண்டா. புளியும் எலுமிச்சையும் சாம்பலும் நாணயத்தின் மேற்பரப்பைத் தின்றுவிடும். அதோடு விரிசலின் மெல்லிய மேடும் தேய்ந்துபோகும். பல ஆண்டுகளாகப் படிந்த நிறமே அதன் வயதுக்குச் சான்று. வெள்ளிக்கிழமை பூஜையில் நாணயத்துக்கு மஞ்சள் குங்குமம் இடும் வழக்கமுள்ள வீடுகளில், அதற்கென்று சாதாரண நாணயம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

புரூஃப் நாணயத்தை அதன் பெட்டியிலிருந்து எடுக்காதிருப்பதே நலம். எடுக்க நேர்ந்தால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். விரல் ரேகை கண்ணாடிப் பரப்பில் பட்டால் நாளடைவில் அங்கேயே ஊறிவிடும். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எவ்விடத்தில் வாங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தால், பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் அது பயன்படும். நல்ல பிழை நாணயம் என்று தோன்றினால், நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று இருவர் மூவரிடம் காட்டிய பின்னரே விலை பேச வேண்டும்.

நாணயத்தைச் சோதிப்பவருக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: வண்ணக்கர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வண்ணக்கன் என்னும் அடையைக் காண்கிறோம். பொன்னின் மாற்றையும் காசின் மெய்ம்மையையும் கண்டு சொன்ன அவர்கள் கவியும் பாடினார்கள். அவ்வறிவு ஏதோ சிலருக்கு மட்டும் உரிய கமுக்கம் என்று இன்று விட்டுவிட வேண்டியதில்லை. வரும் விடுமுறை நாளில் வீட்டுச் சில்லறையை மேசைமீது பரப்பி, பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு, மேடு எது, பள்ளம் எது என்று கண்ணாடியில் பாருங்கள். லட்சம் கிடைக்காமற் போகலாம். லட்சம் தருவதாக யாராவது அழைக்கும் நாளில், வீட்டில் நால்வருக்கேனும் என்ன விடை சொல்வதென்று தெரிந்திருக்கும்.